ஒற்றைக் கொம்பு

என் மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கோழி கிளறிய மாதிரி எழுதுகிற பிள்ளைகளின் விடைத்தாளைக்கூட எழுத்து எழுத்தாகப் பார்த்து மதிப்பெண் போட்டவர். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். படிப்பறிவில்லாத ஒருவர் தடுமாறி ஒரு சொல்லைத் தப்பாக வாசித்திருந்தால், போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அந்தச் சொல் என் தாத்தாவின் நோட்டில் இருக்கிறது. தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். அவருக்கு நாலு பிள்ளைகள். மூத்தது பெண், இரண்டாவதும் பெண், மூன்றாவது மாமா, கடைசி என் அம்மா. வீட்டில் நடக்கிற பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது தாத்தாவின் வழக்கம். மழை பெய்ததா இல்லையா என்பதையும் எழுதுவார். அந்த ஊரில் அதுவும் குடும்பச் செய்திதான்.

மூத்த பெரியம்மாவுக்கு இருபது வயதிலேயே புருஷன் இறந்துவிட்டார். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவளைச் சில வருஷம் கழித்து வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "அது கெட்டுப்போச்சு" என்பார்கள். எப்படிக் கெட்டது, யாரால் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவிடாத சொல் அது. அறுத்துக் கட்டாத, அதாவது மறுகல்யாணம் செய்துகொள்ளாத ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

தாத்தா இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தின்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பெரியம்மா அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் ஒரு சின்ன மாலை. உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான், "பெத்த மகதானப்பா, வந்து கும்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

மாமா உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டினார். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"மூத்தவள் கெட்டாள். சொல்லியும் அடங்கவில்லை. வீட்டைவிட்டு அனுப்பினேன்."

நோட்டை மூடிவிட்டு, "நான் சொல்லல. அப்பாவே எழுதி வச்சுட்டுப் போயிருக்காக" என்றார்.

கேட்ட பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அப்பா அப்படியா எழுதியிருக்காக?" என்று மட்டும் கேட்டாள். மாலையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த மாலையைப் பிறகு ஆடு தின்றது. அதை விரட்டக்கூட யாரும் எழுந்திரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அருப்புக்கோட்டைக்கே குடிவந்துவிட்டோம். பெரியம்மா நெசவாளர்கள் இருக்கிற ஒரு தெருவில், ஒற்றை அறை வீட்டில் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போகிற வழி அது. "அங்கிட்டுப் போகும்போது மொகத்தத் திருப்பிக்கிட்டு வந்துரு" என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் அப்படியே செய்தேன். ஒருநாள் அவள் வீட்டுக்கு எதிரில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெரியம்மா ராட்டையை நிறுத்திவிட்டு, தன் ரவிக்கையில் இருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். பங்குனி வெயில். காலில் கொப்புளம் வந்தது. அம்மாவிடம் சொன்னபோது, நல்ல வேலை செய்தாய் என்றாள்.

இதைவிட மோசமான ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். அதையும் சொல்லாமல் மாமாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எனக்கு இருபத்தைந்து வயதில், ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பத்திரங்களோடு மனுக்களும் அடித்துக் கொடுப்போம். பெரியம்மா முதியோர் உதவித்தொகை மனு எழுத அங்கே வந்துவிட்டாள். நான் இருப்பது தெரியாமல்தான் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். எங்கள் எழுத்தர், "உக்காரும்மா, அந்தப் பொண்ணு அடிச்சுக் குடுக்கும்" என்று சொல்லி என் எதிரிலேயே உட்காரவைத்தார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வயது, ஊர், தொழில். கடைசியாக, "ஆதரவு தரக்கூடிய உறவினர் யாரும் உண்டா?" என்ற கேள்வி. அதைக் கேட்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"இல்லைனு போட்டுக்கோங்க" என்றாள்.

சொந்தத் தங்கை மகளை "போட்டுக்கோங்க" என்றாள். நான் 'இல்லை' என்று அடித்தேன். மூன்று எழுத்து. தாளை உருவிக் கைநாட்டுக்கு நீட்டினேன். அந்த மனுவின் கார்பன் நகல் ரொம்ப நாள் எங்கள் அலமாரியில் கிடந்தது. சில வருஷத்தில் பெரியம்மா இறந்துபோனாள் என்று தெருவில் யாரோ சொல்லித் தெரிந்தது. நாங்கள் போகவில்லை.

இது என் பங்கு. இனி நோட்டுக்கு வருகிறேன்.

இப்போது எனக்கு அறுபது வயதாகப் போகிறது. இத்தனை வருஷம் அதே தொழிலில் இருந்ததில் பழைய கையெழுத்து படிக்கிறவள் என்று டவுனில் ஒரு பெயர். குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, பரணில் கிடந்த மூலப்பத்திரங்களையெல்லாம் தூசி தட்டிக்கொண்டு ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். புள்ளி இல்லாத எழுத்து, காலும் ரகரமும் ஒன்றாகக் கிடக்கிற எழுத்து, தமிழ் எண்கள், வருஷத்துக்கும் மாசத்துக்கும் போடுகிற சுழிகள் எல்லாம் எனக்குப் பழக்கம்.

அதனால்தான் மாமா மகன் என்னைத் தேடி வந்தார். எனக்கு அத்தான் முறை. எழுபது தாண்டியவர். குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வம்சாவளியை ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும்.

"தாத்தா நோட்டு அப்பாவோட பெட்டியில கெடந்துச்சு. எனக்கு ஒரு எழுத்தும் வெளங்கல. நீதான் படிச்சு, யாரு எந்த வருசம் பொறந்தாகன்னு எழுதித் தரணும்" என்று மஞ்சள் பையை நீட்டினார்.

"மாமாவே படிப்பாகளே?"

"அவுகளுக்குக் கண்ணு சரியில்ல. நான் உங்கிட்ட வந்ததும் அவுகளுக்குத் தெரியாது."

நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. தாத்தா கையெழுத்தைப் பார்க்கிற ஆசை மட்டும்தான்.

தாத்தா மைக்கூட்டில் தொட்டு எழுதுகிற பேனாவால்தான் எழுதியிருக்கிறார். கறுப்பாக இருந்த மை பழுப்பாகிவிட்டது. மணலில் எழுதிப் பழகிய கை, எங்கேயும் புள்ளி வைக்காது. பேசுகிற மாதிரியே எழுதுவார். மழை அவருக்கு 'மளை'. 'மளை இலலை' என்ற வரி நோட்டு முழுக்க வருகிறது. ஒருவருடைய எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் சந்தேகமில்லாத சொற்களை எடுத்து, அவர் கை ஒவ்வொரு எழுத்தையும் எப்படி வளைக்கிறது என்று ஒரு தாளில் போட்டுக்கொள்ள வேண்டும். மாதப் பெயர்களில் ஆரம்பித்தேன். பிறகு பயிர் பச்சைகள்.

அப்படிப் போட்டுக்கொண்டு வருகிறபோது ஒன்று தெரிந்தது. தாத்தாவுக்கு இரட்டைக் கொம்பு என்ற ஒன்றே கிடையாது. நாம் 'கெ' எழுத ஒற்றைக் கொம்பும் 'கே' எழுத இரட்டைக் கொம்பும் போடுகிறோம். பழைய ஆட்கள் பலர் இரண்டுக்கும் ஒற்றைக் கொம்புதான் போடுவார்கள். குறிலா நெடிலா என்பதைப் படிக்கிறவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தாத்தாவும் அப்படித்தான். வேலி அடைத்ததை 'வெலி' என்று எழுதியிருந்தார். கேழ்வரகு 'கெளவரகு'.

இதைத் தாளில் குறித்துக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தைத் தேடினேன். பக்கத்தின் உச்சியில் முதல் வரியாக இருந்தது.

'மூததவள கெடடாள.'

கெட்டாள் என்றும் படிக்கலாம். கேட்டாள் என்றும் படிக்கலாம்.

கேட்டாள் என்றால் எதைக் கேட்டாள்? பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். முந்தைய பக்கத்தின் கடைசியில் தாத்தாவின் இரண்டாவது மகளான நடுப் பெரியம்மாவின் சாவு எழுதியிருந்தது. அந்தச் சாவை எனக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த ஊரில், கல்யாணமான மூன்றாம் வருஷம், தண்ணீர் இறைக்கப் போனவள் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று சொல்வார்கள். தாத்தாவும், 'நடுவுளளவள கிணததில விளுநது இறநதாள' என்றுதான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இரண்டு வரி, எழுத்தே தெரியாதபடி குறுக்கும் நெடுக்குமாக அடிக்கப்பட்டிருந்தது.

அடித்திருந்த மை ஊதா. பால்பாயிண்ட் பேனா.

பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தால்கூடப் பக்கத்தில் கையொப்பம் போட வேண்டும். அடித்தல் திருத்தல் என்றாலே என் கண் அங்கே போய் நின்றுவிடும். நாற்பது பக்க நோட்டில் தாத்தா தன் கையால் அடித்தது ஐந்தாறு இடம். எல்லாம் அதே பழுப்பு மை, ஒரே ஒரு கோடு. ஊதாப் பேனா நோட்டு முழுக்க இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் மொட்டைமாடிக்குப் போய்த் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பழைய மை காகிதத்துக்குள் இறங்கி, பின்பக்கம் வரை ஊறியிருந்தது. பால்பாயிண்ட் மேலோடு நின்றுவிட்டது. பின்பக்கம் தெரிந்ததைப் போனில் படம் பிடித்து, இடம் வலம் மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. நாலு நாள் ஆயிற்று. 'வயததில' என்பதுதான் முதலில் பிடிபட்டது. பிறகு 'தடம'. 'களுததில' என்பதைக் 'கருததில' என்று ஒருநாள் முழுக்கத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் வரி முழுசாக வந்தது. நமக்குப் புரிகிற எழுத்தில் இது:

'குளிப்பாட்டையில் வயத்தில் தண்ணி இல்லை, கழுத்தில் தடம் இருக்கு, இது எப்படி என்று'

அதோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தின் உச்சியில், 'மூத்தவள் கேட்டாள். சொல்லியும் அடங்கவில்லை. வீட்டைவிட்டு அனுப்பினேன்.'

மொட்டைமாடியின் சூட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காயப்போட்ட சேலையை எடுக்கச் சொல்லிக் கீழேயிருந்து அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு முதலில் வந்த கோபம் தாத்தா மேல்தான். மாமா மேல் பிறகு வந்தது. செத்த மகளின் கழுத்தில் தடம் இருந்தது அவருக்குத் தெரியும். தெரிந்து, அதை மறக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். எழுதிவிட்டு, கேட்ட மகளைத் தெருவுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில் அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம்.

அன்று மத்தியானம் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாசித்து முடித்தபோது கை நின்றுவிட்டது.

"எனக்கு அப்ப பதினோரு வயசு" என்றாள். "மஞ்சத்தண்ணிச் செம்ப நாந்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெரியக்கா சின்னக்கா தலைய மடியில வச்சு, வயித்த அமுக்கினா. தண்ணியே வரல. மறுபடி மறுபடி அமுக்குனா. அப்புறம் எந்திரிச்சு வெளிய ஆம்பளைக இருந்த எடத்துக்குப் போய்ச் சத்தமாக் கேட்டா. சின்னக்கா மாமியா வீட்டு ஆளுக எல்லாரும் அங்கதான் நின்னாக."

நான் நோட்டைக் கீழே வைத்தேன். "நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா இத்தன வருசம் அவுகளக் கெட்டவன்னு சொன்ன?"

"எங்கண்ணன் வாசிச்சாகளே! எழுத்துல இருக்குன்னு சொன்னாகளே! எங்கப்பா பொய் எழுதமாட்டாக. நமக்குத் தெரியாம வேற எதுவோ நடந்திருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தன் கண்ணால் பார்த்ததைவிட, தான் படிக்க முடியாத எழுத்தை அவள் நம்பியிருக்கிறாள். நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. உன்னால்தான் நானும் முகத்தைத் திருப்பினேன் என்றேன். அம்மா கீரைத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பதினஞ்சு வயசு வரைக்கும் நான் சொன்னதக் கேட்ட. சரி. அதுக்கப்புறம் உன் கால்ல நீ நின்னியே, வேலைக்குப் போனியே, அப்பவும் நாந்தான் ஒன் கழுத்தத் திருப்பிவிட்டேனா?"

மனு விஷயம் அவளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னேன். அதைக் கேட்ட பிறகு அம்மா அழுதாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்தடுத்த நாளும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி பஸ் ஏறினேன். மாமா வீட்டில் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது. உடம்பு ஒடுங்கிவிட்டாலும் குரல் அதே வாத்தியார் குரல். அத்தானும் இருந்தார்.

"வா. அம்மா சொகமா இருக்கா?"

"இருக்காக மாமா." நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தேன். "ஒரு எடம் வெளங்கல. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

நோட்டைப் பார்த்ததும் அத்தானை முறைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கண் சரியில்லாதவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"மூத்தவள் கெட்டாள்."

"அதுக்கு நாலு வரி கீழ வாசிங்க மாமா."

"பேரன் பிறந்தான். இவன் பொறந்தத எழுதியிருக்காக." அத்தானைக் கைகாட்டினார்.

"எழுத்தப் பாத்து வாசிங்க மாமா. 'பெரன'ன்னு ஒத்தக் கொம்புதான் போட்டிருக்காக. நீங்க எப்படிப் பேரன்னு வாசிச்சீங்க?"

"பெரன்னு ஒரு வார்த்த இருக்கா? அப்பா எப்பவும் ஒத்தக் கொம்புதான் போடுவாக. நாமதான்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முந்தைய பக்கத்தைத் திருப்பி அடித்திருந்த இடத்தைக் காட்டினேன். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். படித்தும் காட்டினேன். அத்தான் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இத அடிச்சது யாரு மாமா?"

"நாந்தான் அடிச்சேன். இப்ப என்னங்குற?" குரல் உயர்ந்தது. "அந்த வீட்டுக்கு நம்ம பொண்ணக் குடுத்து, அந்த வீட்டுப் பொண்ண எனக்கு எடுத்திருந்தாக. ஒங்க அத்த இங்க வந்து வருசம் திரும்பல. வயித்துல இவன் இருக்கான். அந்த நேரத்துல போலீஸு, கேஸுன்னு போனா இவன் நெலம என்னாகும்? செத்தவ திரும்பியா வந்துருவா?"

"கேசு போட வேணாம். கேட்டவள எதுக்குத் தொரத்துனீங்க?"

"தொரத்துனது அப்பா. அவ வாய மூடலையே! ஊர்ல போறவாறவன்கிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா."

"பதினாறாம் நாளு மரத்தடியில நின்னாகளே. அப்பவும் கேட்டாகளா? ஒரு மாலையோடதானே வந்தாக. அன்னைக்கு எதுக்கு மாமா கெட்டாள்னு வாசிச்சீங்க?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அடுத்துச் சொன்னதை நான் ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"கேட்டாள்னு வாசிச்சா, என்ன கேட்டான்னு அடுத்த ஆளு கேப்பான். கெட்டாள்னு வாசிச்சா ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

அவ்வளவுதான். ஒரு வாத்தியார் கணக்குப் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு பெண்ணின் மிச்ச ஆயுசு போயிருக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். அவர் வயதுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையையும் கொடுக்கவில்லை. "நீங்க பாடம் சொல்லிக் குடுத்த பிள்ளைகள நெனச்சா எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அத்தான் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

"அவுக சொன்னத மனசுல வச்சுக்காத. வயசாயிருச்சு. நான் பெரியத்தை பேரையும் மலர்ல சேத்துர்றேன். போதுமா?"

"எப்படிச் செத்தாக, எதுக்கு அனுப்புனாகன்னும் சேத்து எழுதுங்க அத்தான்."

"கோயில் மலர்ல அதெல்லாம் எழுத முடியுமா? நீயே சொல்லு."

பேர் வந்தால் போதும் என்று அன்றைக்கு நானும் அடங்கிப் போனேன். பஸ் வந்துவிட்டது. அதற்கு மேல் வாதாட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

குடமுழுக்கன்று அம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பந்தல் நுழைவில் மலர்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பப் பக்கத்தைத் திறந்தேன். அத்தான் சொன்னபடி பெரியம்மாவின் பெயர் இருந்தது. முதல் தடவையாக அச்சில் அவள் பெயரைப் பார்க்கிறேன். அதற்கு நேரே, 'இளமையில் காலமானார்' என்று போட்டிருந்தது.

அறுபது வயதுக்கு மேல், எனக்கு எதிரே உட்கார்ந்து உறவினர் இல்லை என்று சொன்னவளை, இளமையிலேயே கொன்றுவிட்டார்கள். நடுப் பெரியம்மாவுக்கு நேரே, 'கிணற்றில் தவறி விழுந்து காலமானார்' என்று இருந்தது.

அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவள் மலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஒங்கிட்டப் பேனா இருக்குதா?" என்றாள்.

பந்தலின் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு கட்டு மலரை எடுத்து அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பக்கத்தை விரித்து அவள் நீட்ட, நான் 'இளமையில் காலமானார்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே 'தங்கை எப்படி இறந்தாள் என்று கேட்டதற்காக வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார்' என்று எழுதினேன். 'தவறி விழுந்து' என்பதையும் அடித்தேன். பக்கத்தில் என் கையொப்பம். ஒரு எழுத்துக்கும் புள்ளி விடாமல், கொம்பு விடாமல் எழுதினேன். எழுதி முடித்ததை அம்மாவே எழுந்து போய், வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

முப்பது பிரதிக்கு மேல் முடித்திருப்போம். அதற்குள் பந்தலில் சலசலப்பு வந்துவிட்டது. என் வயதுள்ள ஒரு பெண், தூரத்துச் சொந்தம், மலரைத் திறந்தபடியே வந்தாள்.

"இதென்ன மதினி? இவுக இப்படிச் சாகலைங்கறீங்களா? அப்ப என்ன நடந்துச்சு?"

சொன்னேன். அவளுக்குச் சொல்லும்போதே இன்னும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். நடுப் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். ஒருவர், "எப்பவோ முடிஞ்ச கதைய எதுக்கும்மா கோயில்ல வச்சுக் கிளறுற?" என்றார். இன்னொருவர் மலரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார்.

அத்தான் வேகமாக வந்து மிச்சக் கட்டை அம்மாவின் மடியிலிருந்து பிடுங்கினார். "அத்தை, நீங்களுமா? அப்பா அங்க உக்காந்திருக்காக. எல்லாரும் பாக்குறாக" என்றார்.

"பாக்கட்டும்" என்றாள் அம்மா. "நான் அன்னைக்கு மஞ்சத்தண்ணிச் செம்பப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாரு வேணும்னாலும் எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

மாமா பந்தலின் மறுபக்கத்தில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவும் தன் அண்ணனிடம் போகவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டோம்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மாமா வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது, பத்திரிகை வரவில்லை. கோபம் குறைந்துவிட்டதா என்று என் மகள் போனில் கேட்கிறாள். குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. மாமா மேல் ஒரு பங்கு, தாத்தா மேல் ஒரு பங்கு, மெஷின் முன்னால் உட்கார்ந்து 'இல்லை' என்று அடித்த அந்த இருபத்தைந்து வயசுக்காரி மேல் ஒரு பங்கு. மூன்றும் அப்படியேதான் இருக்கிறது.

தாத்தா நோட்டைத் திருப்பிக் கேட்டு அத்தான் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை.